பிராயச்சித்தம் வேண்டாம், பாக்கியைக் கொடு!

சுந்தரபாண்டியத்தில் கிளைக் கூட்டம் முடிந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ராஜபாளையத்தில் நூல் மில் வேலைக்குப் போகும் இளந்தோழர் ஒருவர் கேட்டார்: "ஜாலியன்வாலா பாக் கொலைக்கு வெள்ளைக்காரப் பிரதம மந்திரியே வருத்தம் தெரிவிச்சாச்சே, தோழர்! இன்னும் அந்தப் பழங்கதை எதுக்கு?"

நான் வாய் திறப்பதற்குள், நாற்று நட்டுவிட்டு வந்த அம்மாள் ஒருவர் பதில் சொல்லிவிட்டார்: "வருத்தத்தை உலையிலே போட்டா வேகுமா தம்பி?"

அவர் ஒரே வாக்கியத்தில் சொன்னதைத்தான் நான் இங்கே விவரமாகச் சொல்கிறேன்.

1919 ஏப்ரல் 13. அமிர்தசரஸில் சுவர் சூழ்ந்த மைதானத்தில் கூடியிருந்த ஜனங்கள் மீது ஜெனரல் டயர் 1,650 ரவுண்டு சுடச் செய்தான். செத்தவர்கள் 379 பேர் என்றது சர்க்கார் கணக்கு. சுமார் ஆயிரம் பேர் என்றது காங்கிரஸ் விசாரணை. டயருக்கு என்ன தண்டனை? சிறையா? தூக்கா? வேலையை விட்டுப் போகச் சொன்னார்கள், அவ்வளவுதான்! அதைக்கூட லண்டன் பிரபுக்கள் சபை பொறுக்கவில்லை. 1920 ஜூலையில் 129 பேர் டயர் பக்கமும் 86 பேர் எதிர்த்தும் ஓட்டுப் போட்டார்கள். 'மார்னிங் போஸ்ட்' என்ற பத்திரிகை நிதி திரட்டி, 26,000 பவுண்டு சேர்த்து அவனுக்குக் கொடுத்தது. நோபல் பரிசு வாங்கிய ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங் அந்த நிதிக்குப் பத்துப் பவுண்டு அனுப்பினார். கொன்றவனுக்குப் பணமுடிப்பு! இதுதான் அன்றைய ஆங்கிலக் கனவான்களின் தர்மம்.

பிறகு வருஷங்கள் ஓடின. ராஜ்யம் போயிற்று. பாஷை மாறிற்று. 2013இல் பிரதமர் காமரூன் அந்த இடத்திற்கே வந்து, வெட்கப்படத்தக்க சம்பவம் என்று எழுதி வைத்தார். 2019 ஏப்ரல் 10 அன்று பிரதமர் தெரசா மே பார்லிமெண்டில் அதை வெட்கத்திற்குரிய வடு என்றார், ஆழ்ந்த வருத்தம் என்றார். வெட்கம் வந்தது, வடு வந்தது, வருத்தம் வந்தது. மன்னிப்பு மட்டும் வரவில்லை!

ஏன்? அதற்கு முதல் நாள் அதே பார்லிமெண்டில் மார்க் ஃபீல்டு என்ற மந்திரி உண்மையைக் கக்கிவிட்டார்: மன்னிப்புக் கேட்டால் அதில் பண விவகாரமும் வந்து சேரும் என்று! குட்டு வெளிப்பட்டதா, தோழர்களே? வருத்தத்திற்குச் செலவில்லை. மன்னிப்புக்கு விலை உண்டு. அதனால்தான் அகராதியைப் புரட்டி, காசு கேட்காத சொல்லாகப் பார்த்து எடுக்கிறார்கள்.

இது அமிர்தசரஸின் கதை. நமக்கு வடக்கே உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில், 1920 ஏப்ரல் 3 அன்று, குற்றப் பரம்பரைச் சட்டத்தின்படி கைரேகை வைக்க மறுத்த ஜனங்களைச் சுட்டார்களே! மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்களே! அந்த ஊருக்காக லண்டனில் யாரும் வருத்தப்பட்டதாகக்கூட நான் கேள்விப்பட்டதில்லை.

நல்ல வெள்ளைக்காரர் சொன்ன மருந்து

வெள்ளைக்காரர் எல்லோருமே கிப்ளிங் அல்ல. எட்வர்டு தாம்ஸன் என்று ஓர் எழுத்தாளர் இருந்தார். வங்காளத்தில் பாங்குரா மிஷன் கல்லூரியில் பல வருஷம் ஆசிரியர். 1924இல் 'பிராயச்சித்தம்' என்று பொருள்படும் பெயரில் ஒரு நாடகம் எழுதினார். 1925இல் 'பதக்கத்தின் மறுபக்கம்' என்ற புத்தகத்தில், 1857 புரட்சியை அடக்கும்போது ஆங்கிலப் பட்டாளம் செய்த அட்டூழியங்களை எடுத்து வைத்தார். சொந்த ஜாதியின் குற்றத்தைச் சொல்லத் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலுக்கு நமது வணக்கம்.

ஆனால் அவர் சொன்ன மருந்து என்ன? இந்தியர் வாயில் ஓயாமல் அடிபடும் சொல் பிராயச்சித்தம் என்றார். அவர்கள் ஏங்குவது கூடுதல் சுயாட்சிக்கு அல்ல, ஒரு பெரிய தேசம் தன் தவற்றை ஒப்புக்கொள்ளும் பெருந்தன்மையான செய்கைக்குத்தான் என்று எழுதினார்.

இதை எப்போது எழுதினார்? அதற்கு முந்தின வருஷம்தான், 1924இல், கான்பூர் சதி வழக்கில் டாங்கே, முஸாபர் அகமது, ஷவுகத் உஸ்மானி, நளினி குப்தா ஆகிய நால்வருக்கும் நான்கு வருஷச் சிறை விதித்தார்கள். நம் சிங்காரவேலர் பெயரும் அந்த வழக்கில் இருந்தது. இவர்கள் கேட்டது பெருந்தன்மையையா? உழைப்பவனுக்கு ராஜ்யம் கேட்டார்கள்! நல்லவரான தாம்ஸன் காதிலும் அது விழவில்லை.

பிராயச்சித்தம் என்பது என்ன? பாவம் செய்தவன் ஆற்றில் முழுகுகிறான், ஹோமம் செய்கிறான், புரோகிதருக்குப் பசுவைத் தானம் கொடுக்கிறான். பாவம் கழிந்தது என்று வீட்டுக்குப் போகிறான். அடிபட்டவன்? அவன் கரையில் நின்று வேடிக்கை பார்க்கிறான்! அவன் நிலம் திரும்பவில்லை. அவன் கூலி திரும்பவில்லை. செய்தவன் மனசு சுத்தமாவதற்கு ஒரு சடங்கு, அவ்வளவே. ஆளும் வர்க்கத்திற்கு இந்தச் சொல் இனிப்பதில் என்ன ஆச்சரியம்?

அந்தத் தாம்ஸனின் மகன் ஈ.பி. தாம்ஸன், 1956 வரை பிரிட்டிஷ் கம்யூனிஸ்டுக் கட்சியில் இருந்தவர். ஆங்கிலத் தொழிலாளி வர்க்கம் உருவான வரலாற்றை 1963இல் எழுதினார். தறி நெய்தவனையும் வயலில் கூலி வேலை செய்தவனையும் பற்றித் தனித்தனி அத்தியாயங்களே அதில் உண்டு. அப்பா ஆள்பவனின் மனசாட்சியைத் தட்டினார். மகன் உழைப்பாளியின் போராட்டத்தைத் தேடிப் போனார். நமக்கு மகன் போன வழிதான் வழி.

நஷ்டஈடு யாருக்கு?

1833இல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டது. 2 கோடி பவுண்டு நஷ்டஈடும் ஒதுக்கியது. யாருக்கு? சவுக்கடி பட்ட அடிமைக்கா? இல்லை, அடிமையை இழந்த எஜமானனுக்கு! அடிமைகளோ 'பயிற்சி' என்ற பெயரில் 1838 வரை அதே எஜமானனுக்கு உழைத்தார்கள். அதற்காக வாங்கிய கடனின் கடைசிப் பாக்கி தீர்ந்தது 2015இல்தான். எஜமானனுக்கு என்றால் கஜானா திறக்கிறது. அடிமைக்கு என்றால் அகராதி திறக்கிறது!

கென்யாவைப் பாருங்கள். 1950களில் நிலத்துக்காகவும் விடுதலைக்காகவும் எழுந்த மாவ் மாவ் போராளிகளை முகாம்களில் அடைத்துச் சித்திரவதை செய்தார்கள். 2013 ஜூன் 6 அன்று மந்திரி வில்லியம் ஹேக் மனப்பூர்வமான வருத்தம் தெரிவித்தார். கூடவே, சட்டப்படி எங்களுக்குப் பொறுப்பில்லை என்றார். ஆனாலும் 5,228 பேருக்கு, வழக்குச் செலவும் சேர்த்து, 1 கோடியே 99 லட்சம் பவுண்டு கொடுக்க வேண்டி வந்தது. எப்படி? கிழவர்களும் கிழவிகளும் லண்டன் கோர்ட்டுப் படியேறி வழக்காடினார்கள். மனசு இளகிக் கொடுத்த பணம் அல்ல அது!

நம் ஊர்க் கனவான்கள்

வெள்ளைக்காரன் போனாலும் அவன் அகராதியை நம்மூர் முதலாளிகள் கைவிடவில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் கருகினார்கள். அதற்கு முன்னும் வெடித்தது, பின்னும் வெடித்தது. ஒவ்வொரு முறையும் ஆழ்ந்த வருத்தம்! ஒவ்வொரு முறையும் கருணைத் தொகை! கருணை யாருக்கு வேண்டும்? வேலையில் அடிபட்டவனுக்கு நஷ்டஈடு உரிமை என்று 1923லேயே சட்டம் வந்துவிட்டது. உரிமையைக் கருணை என்று பெயர் மாற்றினால், வாங்குகிறவன் கும்பிட வேண்டியதாகிறது.

1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வு கேட்டுச் செங்கொடி பிடித்த கீழ்வெண்மணியில் 44 உயிர்களைக் குடிசையோடு எரித்தார்கள். தண்டிக்கப்பட்ட மிராசுதார்களை 1973இல் ஹைகோர்ட் விடுதலை செய்தது. எந்த மிராசுதார் பிராயச்சித்தம் செய்தான்? தஞ்சைத் தரணியில் 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது என்றால், செங்கொடியின் போராட்டமும் அந்த 44 பேரின் உயிரும்தான் அதற்குக் காரணம்.

ஆகவே, இளந்தோழரே, வெள்ளைக்கார ஜனங்கள் மேல் நமக்குப் பகை இல்லை. அங்கேயும் மில் தொழிலாளி உண்டு, அவனும் நம் தோழன்தான். நம் சண்டை அந்தச் சொற்களோடு. நாளைக்கு உங்கள் மில்லில் ஒருவர் கை பல்சக்கரத்தில் மாட்டிக்கொண்டால், மானேஜர் வருத்தத்தோடும் ஒரு கவரோடும் வருவார். கவரை வாங்கிக் கும்பிடாதீர்கள். சங்கத்தைக் கூட்டுங்கள். சட்டப்படி எவ்வளவு சேர வேண்டும் என்று கணக்குக் கேளுங்கள். மிஷினுக்கு மூடி போடச் சொல்லுங்கள்.

வருத்தம் அவர்களிடமே இருக்கட்டும். பாக்கி நம் கைக்கு வரட்டும்!