நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்

விடியுமுன்னே போடியிலிருந்து ஜீப்புகள் கிளம்பிவிடும். 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகும் பெண்கள் உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருத்தியின் பிள்ளைக்குப் பிறவியிலேயே ஒரு கால் எலும்பு குட்டை என்று வையுங்கள். அதை நீட்ட, சைபீரியாவின் குர்கானில் மருத்துவர் இலிசரோவ் 1950களில் வகுத்த முறைதான் இன்றும் அடிப்படை: எலும்பை வெட்டி, கம்பிகள் துளைத்துக் காலைச் சுற்றி வளையச் சட்டம் மாட்டி, சில நாள் பொறுத்து, வெட்டிய முனைகளை நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் விலக்குவது. அதுவும் ஒரே மூச்சில் அல்ல, கால் கால் மில்லிமீட்டராக 4 தடவை. 5 சென்டிமீட்டருக்கு 50 நாள். இடைவெளியில் ஊறிய புது எலும்பு இறுகிச் சட்டம் கழல அரை வருஷமும் ஆகலாம். சட்டத்தின் மரையைத் திருகுவது, கம்பி துளைத்த இடம் சீழ் கட்டாமல் துடைப்பது, பிள்ளை அழ அழ முட்டியை நீட்டி மடக்குவது எல்லாம் அம்மா பாடு. அவள் எந்த ஜீப்பில் ஏறுவாள்? அறுவைக்குத்தான் காப்பீடு இருக்கிறதே என்கிறார்கள். அறுவை ஒரு நாள் சமாச்சாரம். மீதி மாதங்களுக்கு அவள் கூலியை யார் தருவது? அதையும் சிகிச்சைச் செலவில் எழுதுங்கள். முட்டிப் பயிற்சிக்கு மதுரைக்கு அலையவிடாமல் போடியிலேயே ஓர் ஆளைப் போடுங்கள். வளையம் மாட்டிய கால் பஸ் சீட்டுக்குள் மடங்காது.