ஆம்ஸ்டர்டாம் போகிறவர்களுக்கு ஒரு கடைக்காரனின் யோசனை

நமது சங்க உறுப்பினர்களில் பலருக்கு இப்போது பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். கடையைத் தம்பியிடமோ கணக்குப்பிள்ளையிடமோ ஒப்படைத்துவிட்டுப் போய் வருகிறார்கள். நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகருக்குப் போனால் ஊரைச் சுற்றிக் காட்டப் பிள்ளைகள் உண்டு. கடையில் காசு கொடுக்கும் முறையை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. அதைப் பற்றியே எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு அங்கே போன இரண்டாம் நாள், ஒரு ரொட்டிக் கடையில் வரிசையில் நின்று 20 யூரோ நோட்டை நீட்டினேன். கல்லாவில் இருந்த பெண் சிரித்த முகத்தோடு மறுத்து, கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினாள். 'பின் ஒன்லி' என்று இருந்தது. 'பின்' என்றால் அந்த ஊரில் அட்டையில் பணம் கட்டுவது. அந்தக் கடையில் ரொக்கம் வாங்க மாட்டார்கள். பை நிறையப் பணம் வைத்துக்கொண்டு பசியோடு வெளியே வந்தேன்.

கொள்ளை பயம், சில்லறை எண்ணும் வேலை, ரொக்கம் கட்ட வங்கி வாங்கும் கட்டணம் என்று அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனாலும் வாசலுக்கு வந்தவரைக் காசோடு திருப்பி அனுப்புவது வியாபாரமாக எனக்குப் படவில்லை. நம் ஊரிலும் சில இளைஞர்கள் கியூ.ஆர். அட்டையை மட்டும் தொங்கவிட்டுக் கல்லாப் பெட்டியை எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறார்கள். செல்போன் இல்லாத பாட்டியம்மா கால் கிலோ துவரம்பருப்புக்கு எங்கே போவார்?

ஆம்ஸ்டர்டாம் போகுமுன் உங்கள் வங்கிக்குச் சென்று, அட்டையில் வெளிநாட்டு உபயோகத்தைத் திறந்துவிடச் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கி 2020-இல் கொண்டுவந்த விதிப்படி, நாம் கேட்டால்தான் அந்த வசதி கிடைக்கும். இரகசிய எண் மனப்பாடமாக இருக்கட்டும். 50 யூரோவுக்கு மேல் போனால் இயந்திரம் அதைக் கேட்கும். கொஞ்சம் ரொக்கமும் வேண்டும். சிறு நோட்டாக வைத்திருங்கள். 100 யூரோ நோட்டைக் கண்டால் பல கடைகளில் கையை விரிக்கிறார்கள்.

டிராமிலும் அதே அட்டைதான். ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை காட்ட வேண்டும். இறங்கும்போது மறந்தால் கூடுதலாகப் பிடித்துவிடும். கணவன் மனைவி இருவரும் ஒரே அட்டையைக் காட்ட முடியாது. தெருவில் சிவப்பு நிறப் பாதை சைக்கிளுக்கு உரியது. அங்கே நின்று படம் எடுக்காதீர்கள்.

1905 முதல் நடக்கும் ஆல்பர்ட் கைப் தெருச் சந்தையை நம்மவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். மீன், பாலாடைக்கட்டி, பழம், துணி எல்லாம் வரிசையாக இருக்கும். ஞாயிறு விடுமுறை.

தண்ணீர் பாட்டில் வாங்கினால் பில்லில் 'ஸ்டாட்ஸிகெல்ட்' என்று தனி வரி இருக்கும். ஏமாற்றுகிறார்கள் என்று நானும் முதலில் நினைத்தேன். அது காலி பாட்டிலுக்கு டெபாசிட். சிறிய பாட்டிலுக்கு 15 சென்ட், ஒரு லிட்டரும் அதற்கு மேலும் 25 சென்ட். 2023 ஏப்ரலிலிருந்து தகர டப்பாவுக்கும் 15 சென்ட். சூப்பர் மார்க்கெட்டில் உள்ள இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும். அதைக் கல்லாவில் கொடுத்துப் பணமாக வாங்கலாம். குளிர்பானக் கண்ணாடிப் பாட்டிலுக்கும் கிரேட்டுக்கும் டெபாசிட் வாங்கிப் பழகிய நமக்கு இது புரியாத கணக்கு அல்ல. குழாய்த் தண்ணீரே நன்றாக இருப்பதால் நான் பிறகு பாட்டில் வாங்கவே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது சில்லறை விவகாரம். 2004 செப்டம்பரிலிருந்து அங்கே ரொக்கமாகக் கொடுக்கும் மொத்தத் தொகையை ஐந்து சென்டுக்கு முழுமையாக்குகிறார்கள். 9.92 வந்தால் 9.90, 9.93 வந்தால் 9.95. அட்டை என்றால் உள்ள தொகை அப்படியே. ஒரு தடவை கடைக்கு இலாபம், ஒரு தடவை வாடிக்கையாளருக்கு. ஒருவரும் முகம் சுளிப்பதில்லை. நம்மில் 47.60-ஐ 48 ஆக்குகிறவர்கள், 47.40-ஐயும் 48 ஆக்குகிறோம். ஒரு ரூபாய் பாக்கிக்கு மிட்டாயை நீட்டுகிறோம். வாங்கிக்கொண்டு போகிறவர் நாளைக்கும் வருவார் என்று நினைத்துக்கொள்கிறோம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முழுமையாக்கும் விதியை நாமே அச்சடித்துக் கல்லாவுக்கு மேல் மாட்டினால் என்ன? அடுத்த பொதுக்குழுவில் இதை வைக்கும்படி செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.