செம்மஞ்சள் கிணறும் வண்ண மீன்களும்



வீட்டுக் கோடியில் நாலு சீமெந்துத் தொட்டி கட்டி கப்பி, மொலி, வாள்வால் போன்ற அலங்கார மீன்களை வளர்ப்பது பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு செய்யக்கூடிய தொழில். தனித்து நின்று குடும்பத்தைச் சுமக்கும் எமது பெண்கள் இதை விரும்புவதில் வியப்பில்லை. ஆனால் கடனெடுத்துத் தொட்டி கட்டி, மீன் விட்ட முதல் வாரத்திலேயே மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிச் செத்துப்போவதைச் சிலர் கண்டிருக்கிறார்கள். தொட்டிச் சுவரிலே செம்மஞ்சள் நிறத்தில் வழுவழுப்பான படை. உடனே அயலில் பேச்சு எழும்: "கண்ணூறு பட்டிட்டுது", "அவளுக்கு ராசியில்லை". கணவனை இழந்தவள் என்றால் அந்தப் பேச்சு இன்னும் கூராகும். மீன் போனாலும் கடன் போகாது.

ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பல வேளைகளில் காரணம் கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்புதான்.

இது என்ன?

வயலையும் சதுப்பையும் அண்டிய தாழ்ந்த நிலங்களில், காற்றுப் படாத நிலத்தடி நீரில் இரும்பு கரைந்திருக்கும். அள்ளியவுடன் தண்ணீர் தெளிவாகவே தெரியும். காற்றுப் பட்டதும் இரும்பு கறளாக மாறும். இந்த இரும்பைக் கொண்டு உயிர்வாழும் நுண்ணுயிர்களும் உண்டு. ஜேர்மன் விஞ்ஞானி ஏரென்பேர்க் 1830களிலேயே இவற்றில் ஒன்றை நுணுக்குக்காட்டியில் கண்டு விபரித்தார். இரும்புப் பற்றீரியா என்கிறோம். சுவரில் நாம் காணும் வழுவழுப்பு இவற்றின் வேலை. இடம்பெயர்ந்து பல காலம் பாவிக்காமல் விட்ட கிணறுகளில் இலை குழை அழுகி ஒட்சிசன் குறைவதால் இந்தத் தொல்லை கூடலாம்.

இவை நோயைப் பரப்புவதாக அறியப்படவில்லை. ஆனால் தண்ணீரிலுள்ள கறள் மீனின் பூவில் படிந்து மூச்சை அடைக்கும். முட்டைகளின் மேலும் படியும். வடிகட்டும் பஞ்சும் அடைபடும்.

எப்படி அறிவது?

வெறுந்தேத்தண்ணி மைபோல் கறுக்கும். பிள்ளைகளின் வெள்ளைச் சீருடை மஞ்சளாகும். (அதற்குக் குளோரீன் போட்டால் கறை இன்னும் இறுகும், தேசிக்காய்ச் சாறு நல்லது.) தண்ணீரின் மேல் எண்ணெய் போல ஆடை மிதந்தால் குச்சியால் தொட்டுப் பாருங்கள். துண்டு துண்டாக உடைந்தால் அது இரும்புப் பற்றீரியாவின் ஆடை. விலகி மீண்டும் ஒன்றுசேர்ந்தால் அது மண்ணெண்ணெய் போன்ற உண்மையான எண்ணெய்.

எல்லாவற்றிலும் இலகுவானது போத்தல் பரிசோதனை. வெள்ளைப் போத்தலில் அரைவாசிக்குத் தண்ணீர் விட்டு, நன்றாகக் குலுக்கி, ஒரு நாள் வையுங்கள். அடியில் செம்மஞ்சள் மண்டி படிந்தால் இரும்பு உண்டு. சரியான அளவை ஆய்வுகூடத்திலேயே அறியலாம். இலங்கையின் குடிநீர்த் தரநிலை லீற்றருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கக்கூடாது என்கிறது.

என்ன செய்யலாம்?

1. தண்ணீரைப் பூவாளியால் உயரத்திலிருந்து பிளாஸ்டிக் பரலில் ஊற்றுங்கள். காற்றுப் பம்பு இருந்தால் ஓடவிடுங்கள். ஒரு நாள் அசையாமல் வைத்தால் கறள் அடியில் படியும்.

2. மேல் தண்ணீரை மட்டும் எடுத்து இன்னொரு பரலில் வடியுங்கள். அடியில் சல்லிக்கல், அதன்மேல் ஒன்றரை அடிக்கு நன்றாகக் கழுவிய ஆற்றுமணல், மேலே பழைய பருத்திச் சீலை. கடல்மணல் வேண்டாம். மேல் மணல் செம்மஞ்சளாகும்போது அள்ளிக் கழுவுங்கள். வியட்நாமின் சிவப்பாற்றுச் சமவெளியில் குடும்பங்கள் வீட்டு மணல் வடிகளால் இப்படித்தான் இரும்பை நீக்குகின்றன.

3. தண்ணீர் புளிப்புத் தன்மையாக இருந்தால் இரும்பு மெதுவாகவே படியும். முதற் பரலில் கழுவிய மட்டி ஓடுகளைப் போட்டால் உதவும். கப்பிக்கும் மொலிக்கும் அது தீங்கில்லை.

4. வடிந்த தண்ணீரில் மீண்டும் போத்தல் பரிசோதனை செய்யுங்கள். மண்டி இல்லையென்றால் விலை குறைந்த நாலு கப்பியை விட்டு ஒரு வாரம் பாருங்கள். பிறகு மற்ற மீன்களை விடலாம். தண்ணீர் மாற்றும்போது ஒரே தடவையில் காற்பங்குக்கு மேல் மாற்ற வேண்டாம்.

இரும்பு வாளி, இரும்புச் சங்கிலியைத் தவிருங்கள். மாரியில் ஓட்டுக்கூரை மழைநீரைச் சேமித்துக் கலந்தால் இரும்பின் செறிவு குறையும். முதல் மழையைப் போகவிடுங்கள்.

கவனம்

கிணற்றுக்குக் குளோரீன் போடுவதானால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அளவு கேட்டுப் போடுங்கள். குளோரீன் தண்ணீரில் மீன் சாகும். இரும்பு இருக்கும்வரை பற்றீரியா திரும்பவும் வரும் என்பதால் இது நிரந்தரத் தீர்வல்ல. கடலோரக் கிணறுகளை வற்ற இறைக்க வேண்டாம். உவர்நீர் மேலேறும் என்பது 2004 சுனாமிக்குப் பின் கிணறு துப்புரவு செய்தபோது நாம் படித்த பாடம். நீண்டகாலம் கைவிட்டிருந்த கிணற்றுக்குள் இறங்கவே வேண்டாம். அடியில் மூச்சுக்குக் காற்று இல்லாதிருக்கலாம், வெடிபொருளும் கிடக்கலாம். சந்தேகமானால் கிராம உத்தியோகத்தருக்கும் பொலிசுக்கும் அறிவியுங்கள்.

மீன் வளர்ப்புப் பற்றிய ஆலோசனையை நக்டா எனப்படும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையிடம் கேட்கலாம்.

சகோதரிகளே, கடன் பத்திரத்தில் கையொப்பம் வைக்க முன்னர் போத்தல் பரிசோதனையைச் செய்யுங்கள். மண்டி படிந்தால் தொழிலைக் கைவிட வேண்டியதில்லை. இரண்டு பரலுக்கும் மணலுக்கும் ஆகும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு தொடங்குங்கள். அயலிலே ஒருத்தியின் மீன் செத்தால் ராசியைப் பேசாமல் அவளது தண்ணீரைப் போத்தலில் எடுத்துப் பாருங்கள். உங்கள் கிணற்றில் கண்டவற்றை எமக்கு எழுதி அனுப்புங்கள். மற்றச் சகோதரிகளுக்கும் உதவும்.