காணிக்கைக்குக் கணக்கு, உழைப்புக்கு நன்றி
தேவராஜ மொஹல்லா தமிழ்க் கிறிஸ்தவ விசுவாசிகளின் கோரிக்கைச் சாசனம்

மைசூர் தேவராஜ மொஹல்லாவிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வாழும் தமிழ்க் கிறிஸ்தவ விசுவாசிகளாகிய நாங்கள், எங்கள் காணிக்கையைப் பெறுகிற திருச்சபை நிர்வாகக் குழுக்கள், ஊழிய நிறுவனங்கள், தனி ஊழியர்கள் அனைவர் முன்பும் இந்தச் சாசனத்தை வைக்கிறோம்.

எங்களில் மார்க்கெட்டில் பூக்கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சயாஜி ராவ் சாலைக் கடைகளில் நாள் சம்பளத்துக்கு நிற்கிறவர்கள், ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்கள் இருக்கிறார்கள். தசமபாகத்தை முதல் தேதியே எடுத்து வைக்கிறவர்கள் உண்டு. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவைக்கும் தாய்மார்களும் உண்டு. ஊழியம் செழிக்க வேண்டும் என்ற ஆசையினால்தான் எழுதுகிறோம். "கர்த்தருடைய பணத்துக்குக் கணக்குக் கேட்பதா?" என்று எங்கள் வாயை அடைக்க வேண்டாம். கர்த்தருடைய பணம் என்பதால்தான் கேட்கிறோம்.

இந்தக் கேள்வி வேதத்திலேயே இருக்கிறது. யோவாஸ் ராஜாவின் காலத்தில் ஆலயத்தைப் பழுதுபார்க்க ஜனங்கள் பணம் கொடுத்தார்கள். ராஜாவின் இருபத்துமூன்றாம் வருஷம் மட்டும் ஆசாரியர்கள் ஒரு பழுதையும் பார்க்கவில்லை. பிறகுதான் ஆசாரியனாகிய யோய்தா ஒரு பெட்டியை எடுத்து, மூடியில் துவாரம் போட்டு, பலிபீடத்தருகே வைத்தான். பெட்டி நிறைந்தபோது ராஜாவின் சம்பிரதியும் பிரதான ஆசாரியனும் சேர்ந்து வந்து எண்ணினார்கள். அந்தப் பணம் வேலையை நடத்திய மேற்பார்வையாளர்கள் கையால் தச்சருக்கும் கொத்தருக்கும் போனது. அந்த மேற்பார்வையாளர்கள் உண்மையாய் நடந்ததால் அவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை என்று அந்த வேதப்பகுதி சொல்கிறது. கடைசியில் வரும் இந்தச் செய்தியை மட்டும் பிய்த்தெடுத்து, உண்மையுள்ள ஊழியரிடம் கணக்குக் கேட்பது அவிசுவாசம் என்று போதிக்கிறவர்களைக் கேட்டிருக்கிறோம். முழுவதையும் வாசியுங்கள். கணக்குக் கேட்கப்படாதவர்கள் களத்தில் வேலையை நடத்தி வேலையாட்களுக்குக் கூலி கொடுத்தவர்கள். பணத்தை வைத்திருந்த ஆசாரியர்களிடமிருந்து ஜனங்களிடம் பணம் வாங்கும் பொறுப்பே எடுக்கப்பட்டு, இரண்டு தரப்பினர் முன் எண்ணப்பட்டது.

இன்று இது தலைகீழாக நடக்கிறது. கிராமத்துக்குப் போய்வரும் உபதேசியார் முப்பது ரூபாய் பஸ் டிக்கெட்டைத் தாளில் ஒட்டிக் கொடுத்தால்தான் படிக்காசு கிடைக்கிறது. லட்சங்களைச் செலவிடும் மேசையிலிருந்து எங்களுக்கு வருவது "கர்த்தர் அற்புதமாய்ச் சந்தித்தார்" என்ற சாட்சி மட்டும். எங்கள் கோரிக்கைகள் எல்லாம் இந்த ஒரு தலைகீழ் நிலையை நிமிர்த்தவே.

ஆகவே முதலில், ஒவ்வொரு ஞாயிறும் காணிக்கையை ஆராதனை முடிந்தவுடன் அங்கேயே எண்ண வேண்டும். எண்ணுகிறவர்கள் மூவர், ஒருவருக்கொருவர் உறவினராக இருக்கக் கூடாது, மூவரில் ஒருவர் கமிட்டியில் இல்லாத சபையார். தொகையை மூவரும் கையெழுத்திட்டுப் பதிய வேண்டும், அடுத்த வங்கி நாளில் கட்ட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். தணிக்கையாளர் அறிக்கையைச் சபைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். சுருக்கம் போதாது. தணிக்கையாளர் எழுப்பிய ஆட்சேபங்களையும் சேர்த்து வாசிக்க வேண்டும். தேவராஜ மார்க்கெட்டின் வெற்றிலைக் கடையில் அன்றன்றைய கடனைச் சிட்டையில் எழுதி, வாடிக்கைக்காரர் கேட்டால் உடனே திருப்பிக் காட்டுகிறார்கள். அந்த ஒழுங்கு சபையிலும் வேண்டும்.

அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பற்றித் தனியாகச் சொல்கிறோம். ஒரு தேங்காயை ஆயிரத்துக்கு எடுப்பது மகிழ்ச்சிதான். ஒலிபெருக்கியில் பெயர் வந்த பிறகு, பாக்கி வராமலே வருஷக்கணக்காய் நிற்பது மகிழ்ச்சியல்ல. ஏலப் பாக்கிப் பட்டியலும் கணக்கில் இடம்பெற வேண்டும். கமிட்டியார் பெயர் அதில் இருந்தால் அதுவும்.

இரண்டாவது, எந்தக் காரியத்துக்குக் கேட்டீர்களோ அந்தக் காரியத்துக்கே செலவிட வேண்டும். கிணறு வெட்ட என்று வாங்கிய பணம் கிணற்றுக்கே போகட்டும். செய்ய முடியாமல் போனால் கொடுத்தவர்களிடம் சொல்லி, சம்மதம் பெற்ற பின்பே வேறு வேலைக்கு மாற்றலாம். கேரளத்தைச் சேர்ந்த கே.பி. யோகன்னான் நிறுவிய காஸ்பல் ஃபார் ஏஷியா என்ற பெரிய அமைப்புக்கு இந்த இடத்தில்தான் அடி விழுந்தது. குறித்த காரியத்துக்குக் கொடுத்த பணம் அந்தக் காரியத்துக்குப் போகவில்லை என்று அமெரிக்க நன்கொடையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2015-இல் அங்குள்ள சுவிசேஷ நிறுவனங்களின் நிதிப் பொறுப்புக் கவுன்சில் அந்த அமைப்பை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியது. 2019-இல் 3 கோடியே 70 லட்சம் டாலருக்கு வழக்கு சமரசமானது. தவறு செய்ததாக அமைப்பு ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் அந்தச் செய்தியால் தலைகுனிந்தவர்கள், எங்கோ ஒரு குக்கிராமத்தில் சைக்கிளில் போய் ஜெபக்கூட்டம் நடத்திய, ஒரு ரூபாய்கூட எடுக்காத ஊழியர்கள்.

பவுல் அப்போஸ்தலன் எருசலேம் ஏழைகளுக்கான தர்மப் பணத்தைத் தன்னந்தனியாக எடுத்துக்கொண்டு போகவில்லை. தீத்துவோடு, சபைகள் தெரிந்துகொண்ட சகோதரனையும் அனுப்பினார். யாரும் குறைசொல்ல இடம் இருக்கக் கூடாது என்பதும், கர்த்தர் முன் மட்டுமல்லாமல் மனிதர் முன்னும் யோக்கியமாய் நடக்க வேண்டும் என்பதும் அவர் சொன்ன காரணங்கள். பவுலுக்கே துணை ஆள் தேவைப்பட்டது.

மூன்றாவது கோரிக்கை கூலியைப் பற்றியது. இதில்தான் எங்களுக்கு மனவேதனை அதிகம். உபதேசியார், கோவில்பிள்ளை, வேதாகமப் பெண்கள், ஓய்வுநாள் பள்ளி ஊழியர், நிறுவனங்களில் பெருக்கித் துடைக்கிறவர்கள் எல்லோருக்கும் எழுத்துமூலமான நியமனம், மாநிலக் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத சம்பளம், வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, மருத்துவக் காப்பீடு வேண்டும். "இது வேலையல்ல, அழைப்பு" என்று சொல்லி இவற்றை மறுக்காதீர்கள். அழைப்புப் பெற்றவர் வீட்டிலும் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் இருக்கிறது. கூலியைப் பிடித்துவைத்தவர்களுக்கு எதிராக அந்தக் கூலியே கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியதை ஊழியக் கமிட்டிகள் தங்களுக்கு எழுதியதாகவே வாசிக்க வேண்டும். பணியில் இருக்கும்போது ஊழியர் இறந்தால் அவர் மனைவி பிள்ளைகளை வீட்டைக் காலிசெய்யச் சொல்ல ஓராண்டாவது பொறுங்கள். ஓய்வூதியம் தொடங்கும்வரை சம்பளத்தில் பாதியாவது போய்ச்சேரட்டும்.

ஊழியத்தின் பொறுப்பை நாமே ஏற்பது எங்கள் முன்னோர் நடந்த வழி. 1903-இல் பாளையங்கோட்டையில் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். 1905 கிறிஸ்துமஸ் நாளில் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் பிறந்தது. இரண்டிலும் முன்னின்ற வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் அவர் தோழர்களும் இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்று தீர்மானித்தார்கள். அதே அசரியா 1910-இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில், வெள்ளைக்கார மிஷனரிக்கும் இந்திய ஊழியருக்கும் இடையே சம்பளம் போடுகிறவர், கைகட்டி வாங்குகிறவர் என்ற உறவே மிஞ்சியிருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்லி, நட்பைக் கேட்டார். இன்று சம்பளம் போடுகிறவர்களும் நாமே. அந்தக் கேள்வி இப்போது நம்மைப் பார்த்து நிற்கிறது.

வெளிநாட்டுப் பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. 2020-இல் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்டபோது நிர்வாகச் செலவின் வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. ஒரு அமைப்பு வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றுவதும் தடுக்கப்பட்டது. சட்டம் சரியா என்பது வேறு வாதம். பணம் குறையும்போது முதலில் நிற்பது பணித்தளத்தின் படிக்காசாக இருக்கக் கூடாது என்பதே எங்கள் கோரிக்கை. தலைமையகத்தின் வாகனமும் விமானப் பயணமும் முதலில் குறையட்டும்.

சொத்து விஷயத்தில் செராம்பூர் மிஷனரி வில்லியம் கேரியின் வரலாறு எங்களுக்கு இரண்டு பாடம் தருகிறது. ஃபோர்ட் வில்லியம் கல்லூரியில் பேராசிரியராகச் சம்பாதித்ததைக் குடும்பச் செலவுக்குச் சிறிது வைத்துக்கொண்டு மீதியைச் செராம்பூரின் பொது நிதியில் போட்டவர் அவர். அப்படிப்பட்டவர் இருந்த இடத்திலும், மிஷன் சொத்தும் நிர்வாகமும் யார் கையில் என்ற தகராறு அவரை அனுப்பிய இங்கிலாந்துச் சங்கத்தோடு முற்றி, 1827-இல் பிரிவினையில் முடிந்தது. நல்லவர்கள் இருப்பது மட்டும் போதாது, பத்திரமும் தெளிவாக இருக்க வேண்டும். ஆகவே ஊழியத்தின் பெயரில் வாங்கிய நிலமும் கட்டடமும் வாகனமும் தனிநபர் பெயரில் இருக்கக் கூடாது. அறங்காவலர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே குடும்பத்தார் வரக் கூடாது. தகப்பனுக்குப் பின் மகன் என்று தலைமை தானாக மாறக் கூடாது.

இனி நன்றியைப் பற்றி. பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்துவிடம் கொடுத்தனுப்பியவை வந்துசேர்ந்தன என்று பவுல் சிறையிலிருந்து எழுதினார். அந்த நிருபத்தில் ரசீதும் நன்றியும் ஒன்றாகவே இருக்கின்றன. எங்களுக்கும் அப்படிச் செய்யுங்கள். பத்து ரூபாய் கொடுத்தவருக்கும் ரசீது கொடுங்கள். தொகையின் வரிசைப்படி பெயர் வாசிப்பதை நிறுத்துங்கள். பிடி அரிசி கொடுக்கும் தாய்மாரை ஆண்டுக்கு ஒருமுறையாவது எழுப்பி நிறுத்தி நன்றி சொல்லுங்கள்.

இந்த ஊரின் கடனையும் மறக்க வேண்டாம். 1933-இல் புனித பிலோமினா பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டியவர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார், வேறு சமயத்து மன்னர். மண்டி மொஹல்லாவில் 1906-இல் தொடங்கிய ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையை மைசூர் மிஷன் ஆஸ்பத்திரி என்றே அழைக்கிறது. அதன் பெயரில் ஒரு மிஷனரியின் மனைவி நினைக்கப்படுகிறார், அது தகும். அங்கே இரவெல்லாம் கண்விழித்த செவிலியர், ரத்தத்தைக் கழுவிய ஆயாக்கள் பெயரை எந்தக் கல் சொல்கிறது? நம் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தன் பழைய சம்பளப் பதிவேட்டைத் திறந்து, கடைநிலையில் உழைத்தவர்களின் பெயர்ப் பட்டியலைத் தயாரித்து, ஸ்தாபக நாளில் வாசிக்க வேண்டும்.

உதவி பெறுகிறவர்களின் மானம் அவர்களுடையது. அனாதைப் பிள்ளைகளின் முகத்தையும் நோயாளியின் படுக்கையையும் படம் எடுத்து நன்கொடை கேட்காதீர்கள். அரிசி மூட்டைக்கும் ஞானஸ்நானத்துக்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

கொடுக்கிற நாங்களும் கட்டுப்படுகிறோம். லஞ்சத்திலும் வட்டிக் கொள்ளையிலும் வந்த பணத்தைக் காணிக்கையாக வைக்க மாட்டோம். காணிக்கையைக் காட்டிக் கமிட்டிப் பதவியோ கல்லூரி இடமோ கேட்க மாட்டோம். நாகமானின் வெகுமதியை எலிசா மறுத்ததுபோல் ஜெபத்துக்குப் பணம் மறுக்கிற ஊழியரை மதிப்போம். எலிசாவின் வேலைக்காரன் கேயாசியைப்போல் பின்னால் ஓடிவந்து வாங்குகிறவருக்குக் கொடுக்க மாட்டோம். நேர்மையாகக் கணக்குக் காட்டும் ஊழியருக்குக் கூடுதலாகக் கொடுப்போம், அவர் ஓய்வுபெற்ற பின்னும் அவர் வீட்டுக்குப் போவோம்.

இந்தச் சாசனத்தைப் பெறும் ஒவ்வொரு குழுவும் அடுத்த அறுப்பின் பண்டிகைக்கு முன் எழுத்துமூலம் பதில் தர வேண்டும். ஏற்கும் கோரிக்கை எது, ஏற்காதது எது, ஏன் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். பதிலை எங்கள் கையெழுத்துகளோடு சேர்த்து ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். பதில் வராத இடத்தில், ஆலயத்தின் அன்றாடச் செலவுக்கும் ஆயர் சம்பளத்துக்கும் உரிய காணிக்கையைத் தவறாமல் கொடுத்துக்கொண்டே, சிறப்பு நிதிகளுக்கான காணிக்கையை மட்டும் பதில் வரும்வரை நிறுத்திவைப்போம். எங்கள் உபதேசியாரின் படிக்காசை அதுவரை நாங்களே நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, அவரிடம் ரசீது பெறுவோம்.