மாங்காய்க்கு எதற்குச் சட்டை?

கிருஷ்ணகிரி போன்ற மா விளையும் பகுதிகளில், சீசன் நேரத்தில் சில தோப்புகளுக்குள் போனால் காயே கண்ணில் படாது. கிளைக்குக் கிளை பழுப்பு நிறக் காகித உறைகள்தான் தொங்கும். 'கவர் கட்டினா காய் பெருசா, இனிப்பா வருமாமே' என்று வீட்டுத் தோட்டக்காரர்களும் கொய்யாவுக்குக் கவர் கட்டத் தொடங்கிவிட்டார்கள். உண்மையில் அந்த உறை என்ன செய்கிறது?

முதல் வேலை, பழ ஈயைத் தடுப்பது. பெண் ஈ, முற்றிய காயின் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடும். வெளியே ஊசி குத்தியது போல ஒரு புள்ளி மட்டும் இருக்கும். அறுத்துப் பார்த்தால்தான் புழு நெளிவது தெரியும். புழு சதைக்குள் போன பிறகு மேலே மருந்தடித்துப் பயனில்லை. 2014 மே மாதம் முதல் இந்திய மாம்பழத்துக்கு ஐரோப்பிய யூனியன் தடை போட்டதற்கும் இந்த ஈதான் காரணம். 2015-ல்தான் தடை நீங்கியது.

உறை இருந்தால் ஈ தோலைத் தொடவே முடியாது. அறுவடை நெருங்கும்போது மருந்தடிக்கும் தேவையும் குறையும். அது விவசாயிக்குச் செலவு மிச்சம், சாப்பிடுகிறவர்களுக்கு நிம்மதி. ஆனால், அணிலிடம் இது செல்லாது. பசித்தால் காகிதத்தைக் கிழித்துவிடும்!

நிறம் மாறுமா?

மாறும். உறைக்குள் வெளிச்சம் குறைவதால் தோலில் பச்சையமும் குறைகிறது. பழுக்கும்போது திட்டுத் திட்டாக இல்லாமல் ஒரே சீரான மஞ்சள் கிடைக்கும். கிளை உரசிய தழும்பும், வெயில் சுட்ட கறையும் இருக்காது. ஆனால் செந்தூராவின் சிவப்புக்கு வெயில் வேண்டும். அந்த ரகத்துக்குப் பறிப்பதற்குச் சில நாள்கள் முன்பே உறையைக் கழற்றிவிட வேண்டும்.

பெரிதாகுமா? இனிக்குமா?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். காய்க்குத் தேவையான சர்க்கரையைப் பெரும்பாலும் இலைகள்தான் தயாரித்து, காம்பு வழியாக அனுப்புகின்றன. இலை வெளியே வெயிலில் இருக்கும்வரை, காயை மூடுவதால் இனிப்பு அதிகம் குறைந்துவிடாது. அதே காரணத்தால், மூடியதற்காக இனிப்பு கூடிவிடவும் செய்யாது. பருமனும் ருசியும் தண்ணீர், உரம், ரகம், முற்றிய பிறகு பறிப்பது ஆகியவற்றைப் பொறுத்தவை. உறை காப்பாற்றுவது தோலையும், உள்ளே புழு இல்லாத சதையையும்தான்.

எப்போது, எப்படி?

* மாமரத்தில் பிஞ்சு உதிர்வது நின்ற பிறகு, காய் கோழிமுட்டை அளவு வந்ததும் கட்டலாம். கொய்யாவுக்குச் சின்ன எலுமிச்சை அளவே போதும். முட்டையிட்ட பிறகு கட்டினால், புழுவுக்கே வீடு கட்டிக் கொடுத்தது போலாகிவிடும்.
* மாவுப்பூச்சி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதை நீக்கிய பிறகே மூட வேண்டும்.
* காய் ஈரமில்லாமல் இருக்க வேண்டும். உறையின் வாயைக் காம்போடு சேர்த்துக் கட்டுங்கள். அடியில் தண்ணீர் வடியச் சின்னத் துளை வேண்டும்.
* காற்றுப் புகாத பிளாஸ்டிக் பை வேண்டாம். உள்ளே வியர்த்து, காய் அழுகிவிடும்.

எல்லா மரத்துக்கும் கட்ட வேண்டுமா என்றால், தேவையில்லை. மாங்கூழ் ஆலைக்கு டன் கணக்கில் போகும் பெங்களூராவுக்குத் தோல் அழகால் கூடுதல் விலை கிடைக்காது. உறையின் விலையும் ஏறிக் கட்டும் கூலியும் கையைக் கடிக்கும். ஒவ்வொரு பழத்தையும் பார்த்துப் பார்த்து வாங்கும் இமாம்பசந்த், அல்போன்சா போன்ற ரகங்களில்தான் அந்தச் செலவு திரும்பி வரும்.

வீட்டில் ஒரே ஒரு மரம் வைத்திருப்பவர்கள், இந்த சீசனில் பத்துக் காய்க்கு மட்டும் உறை கட்டி, பக்கத்திலேயே பத்துக் காயை அப்படியே விடுங்கள். இரண்டையும் அறுத்துப் பார்த்துவிட்டு, அடுத்த வருடம் எத்தனை உறை வாங்குவது என்று முடிவு செய்யலாம்.