பெற்றோருக்கும் முதலாளிக்கும் மட்டும் விதிவிலக்கு

மன்னார்புரம் நான்கு ரோட்டை ஒட்டிய டீக்கடைக்கு மாலை ஐந்தரைக்கு வருவதாக, தோழி ஒருவர் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார் அந்தப் பெண். சொன்ன நேரத்துக்கு வந்தார். கையில் போன் இல்லை. நாங்கள் எத்தனை பேர், என்ன நிறச் சட்டை, எந்தப் பக்கத்துப் பெஞ்சு என்பதைத் துண்டுத்தாளில் எழுதி வைத்துக்கொண்டு தேடி வந்திருந்தார். போன் விடுதியில், தலையணைக்கு அடியில், சார்ஜில் கிடக்கிறது. அது அங்கே கிடக்கும்வரை, இவர் அறையில் படுத்திருக்கிறார் என்றுதான் ஊரில் இருக்கும் அண்ணனுக்குக் காட்டும்.

இருபத்து மூன்று வயது. சொந்தச் சம்பளம். போன் மட்டும் அண்ணன் வாங்கிக் கொடுத்தது. கொடுக்கும்போதே அந்தச் செயலியும் அதில் இருந்தது. அவர் ஒன்றும் ஒளித்து வைக்கவில்லை. “பாதுகாப்புக்குத்தான் பாப்பா” என்று சொல்லியே கொடுத்தாராம். தங்கை எங்கே இருக்கிறார், யாரோடு எத்தனை நிமிடம் பேசினார் என்பதெல்லாம் அவருடைய போனில் தெரியும். தங்கை விரும்புவது நம் சேரிப் பையனை. பதிவுத் திருமணத்தின் நடைமுறைகளைக் கேட்கத்தான் வந்தார். ஊர், சாதி, வேலை எதையும் இங்கே எழுத மாட்டோம். எழுதினால் நாங்களும் ஒரு கண்காணிப்புச் செயலிதான்.

அவர் போன பிறகுதான் எங்களுக்கு ஒன்று உறைத்தது. சாதி ஆணவக் குற்றங்களைத் தடுக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவும் 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும் என்று சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 27 அன்று சொன்னது. அந்த எண்ணை அழைக்கப் போன் வேண்டும். தன் வாழ்க்கையிலேயே ஆபத்தான நடையை இந்தப் பெண் போன் இல்லாமல் நடந்து வந்திருக்கிறார். அப்படி நடக்க வைத்தது ‘பாதுகாப்பு’ செயலி.

இப்படிப்பட்ட செயலிகளைக் கடையில் வைக்கலாமா என்பதற்குக் கூகுளிடம் எழுத்துப்பூர்வமான விதி இருக்கிறது. பிளே ஸ்டோரில் 2020 அக்டோபர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஒருவருக்குத் தெரியாமல் அவரை வேவு பார்க்கும் செயலிக்கு அங்கே இடமில்லை. மனைவியைக் கணவன் கண்காணிக்கும் செயலிக்கும் இடமில்லை. மனைவிக்குத் தெரிந்திருந்தாலும், அவரே சம்மதித்திருந்தாலும், திரையில் அறிவிப்பு ஓடிக்கொண்டே இருந்தாலும் கூடாது. நல்ல விதிதான். கணவன் கேட்டு மனைவி கொடுக்கும் சம்மதத்தைச் சம்மதமாகக் கணக்கில் எடுக்கக் கூடாது என்பதை ஒரு பன்னாட்டு நிறுவனம் ஒப்புக்கொண்டிருக்கிறது. நம்மூர் நாட்டாமைகள் இன்னும் அவ்வளவு தூரம் வரவில்லை.

அதே விதி இரண்டு பேருக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. பிள்ளைகளைக் கண்காணிக்கும் பெற்றோர் ஒருவர். ஊழியர்களை நிர்வகிக்கும் நிறுவனம் இன்னொருவர். செயலி தன்னை மறைத்துக்கொள்ளாமல், ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று அறிவிப்புக் காட்டினால் இவர்களுக்குப் போதும்.

நம் மக்கள் யாரிடமிருந்து தப்பி வருகிறார்களோ, சரியாக அந்த இரண்டு பேர்!

அண்ணல் அம்பேத்கர் 1916-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த ‘இந்தியாவில் சாதிகள்’ கட்டுரையைச் சமூகவியல் படித்த எல்லோரும் தொட்டிருப்போம். அகமணம்தான் சாதியின் உயிர், அந்த அகமணத்தைக் காக்கப் பெண்ணைக் கட்டுப்படுத்தியே ஆக வேண்டும் என்பதை அன்றே விளக்கினார். சதி, கட்டாய விதவைக் கோலம், குழந்தை மணம் ஆகியவற்றை அந்தக் கட்டுப்பாட்டின் கருவிகளாக அடுக்கிக் காட்டினார். அப்போது செல்போன் இல்லை. இன்று எழுதியிருந்தால் அந்தப் பட்டியலில் இதுவும் சேர்ந்திருக்கும் என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. சாதியும் போனும் தொடர்புடையவை என்பது ஆதிக்கசாதிகளுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. 2019 ஜூலையில் குஜராத்தின் பனாஸ்காண்டா மாவட்டம் தாந்திவாடா வட்டத்தில் 12 ஊர்களின் தாக்கோர் சமூகத்தினர் கூடி, திருமணமாகாத பெண்கள் செல்போன் வைத்திருக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். அதே கூட்டத்தில்தான் சாதி மாறித் திருமணம் செய்தால் தண்டனை என்றும் தீர்மானித்தார்கள். இரண்டும் ஒரே தாளில். நம் மாநிலத்திலும் 2012-ல் தருமபுரி எரிந்த நாட்களில், நம் பையன்களின் ஜீன்ஸையும் கூலிங் கிளாஸையும் குற்றப் பொருட்களாக்கி மேடை போட்டுப் பேசியதை மறந்துவிடவில்லை.

சாதிச் சமூகத்தில் குடும்பம் வெறும் காப்பாளர் இல்லை. சாதியின் காவல் நிலையமும் அதுதான். 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் கவின் செல்வகணேஷ் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் கைதானவர் அவர் நேசித்த பெண்ணின் சகோதரர். ‘பெற்றோர்’, ‘குடும்பம்’ என்ற சொற்களைக் கலிபோர்னியாவில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். ‘பிள்ளை’ என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் வயது வரம்பே கிடையாது என்பதும் தெரியாமல் இருக்கலாம். இருபத்து மூன்று வயதானாலும் அண்ணனுக்கு அவள் பாப்பாதான்.

இதை எழுதும்போதே எங்கள் பக்கமும் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு மகளை அனுப்பும் ஒரு அப்பா, நம் ஆள்தான், அம்பேத்கர் படத்துக்கு மாலை போடுகிறவர், போன மாதம் எங்களிடம் வந்து, “பொண்ணு போனைப் பார்க்க நல்ல ஆப் எது தோழர்?” என்று கேட்டார். எங்களுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கல்லூரி முடிக்கப்போகிற பெண் அவள்.

இனி முதலாளிக்குக் கொடுத்த விலக்கு. துப்புரவு ஒப்பந்தத்தில் வேலை செய்யும் அக்கா ஒருவரிடம் இருப்பது பட்டன் போன். வருகைப் பதிவுக்கு முகத்தைப் படமெடுத்து, இருக்கும் இடத்தையும் சேர்த்து அனுப்பும் செயலி வேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அதனால் கல்லூரியில் படிக்கும் மகனின் போனில் ஏற்றினார்கள். விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு அம்மாவோடு மகனும் வந்து நிற்பான், படம் எடுத்துவிட்டுப் போவான். ஒருநாள் பதினொரு மணிக்குச் சூப்பர்வைசர் அழைத்து, “உங்கம்மா வேலை செய்யிற இடத்துல இல்லாம எங்கடா சுத்துது?” என்று கத்தியிருக்கிறார். போன் அப்போது மகனோடு வகுப்பறையில் இருந்தது. அரை நாள் கூலி போயிற்று. அந்தச் செயலி எதையும் ஒளிக்கவில்லை. அறிவிப்பு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. கடையின் விதிப்படி எல்லாம் சுத்தம்.

இது ஒரு சூப்பர்வைசரின் குணக்கேடு அல்ல. சண்டிகர் தூய்மைப் பணியாளர்கள் கையில் ஜிபிஎஸ் கடிகாரம் கட்டப்பட்டதை எதிர்த்து 2020-ல் தெருவில் இறங்கினார்கள். பக்கத்து நகரமான பஞ்ச்குலாவில், கழிப்பறைக்குப் போகும்போதுகூட யாரோ பார்ப்பது போல அச்சமாக இருக்கிறது என்று பெண் பணியாளர்கள் சொன்னார்கள். அந்தக் கடிகாரம் எந்த அதிகாரியின் கையில் ஏறியது? நூறு நாள் வேலையில் தினம் இரண்டு முறை இடக்குறியோடு படம் எடுத்து ஏற்றும் செயலி 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. சிக்னல் கிடைக்காத ஏரிக்கரையில் படம் ஏறாமல் போனால், வெட்டிய மண் வெட்டாத மண்ணாகிவிடும். மலம் அள்ளுகிறவர், குப்பை பொறுக்குகிறவர், மண் வெட்டுகிறவர் ஆகியோரின் சாதி என்ன என்று சொல்ல வேண்டுமா?

அரியானா ஆஷா பணியாளர்களின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அரசு கொடுத்த போன்களில் 2021-ல் ‘எம்டிஎம் 360 ஷீல்டு’ என்ற செயலியை ஏற்றச் சொன்னார்கள். எம்டிஎம் என்றால் போனை வெளியிலிருந்தே ஆளும் தொழில்நுட்பம். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் போனைப் பூட்டலாம், உள்ளே இருப்பதைத் துடைத்து அழிக்கலாம், இருக்கும் இடத்தைப் பார்க்கலாம். வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைக் கவனிக்கும் பெண்கள், இது எங்களை அடிமையாக்கும் வேலை என்று சங்கமாக நின்று எதிர்த்தார்கள். இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2019 ஏப்ரலில், ஆப்பிள் நிறுவனம் பெற்றோருக்கான பல செயலிகளைத் தன் ஆப் ஸ்டோரிலிருந்து நீக்கியதற்கு ஒரு காரணம் சொன்னது. அந்தச் செயலிகள் எம்டிஎம்மைப் பயன்படுத்துகின்றன, பிறர் கையில் இவ்வளவு அதிகாரம் போவது ஆபத்து என்றது. நிறுவனங்கள் தங்கள் கருவிகளில் அதைப் பயன்படுத்துவது வேறு விஷயம் என்றும் சொன்னது. தன்னுடைய ‘ஸ்கிரீன் டைம்’ வசதிக்குப் போட்டி வராமல் பார்த்துக்கொள்ளத்தான் இதெல்லாம் என்று அப்போதே பலர் குற்றம் சாட்டினார்கள். அந்த ஜூனிலேயே ஆப்பிள் விதியைக் கொஞ்சம் தளர்த்தியும் கொடுத்தது. எங்களுக்கு உறுத்துவது வேறு. ஐபோன் வாங்கித் தரும் வீட்டுக் குழந்தையின் கையில் ஆபத்தான அதே தொழில்நுட்பம், ஆஷா அக்காவின் கையில் மட்டும் ‘நிர்வாகம்’ ஆகிவிடுகிறது.

கடை போகட்டும், சட்டம் காப்பாற்றும் என்று நினைப்பவர்கள் 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் புரட்டிப் பார்க்கலாம். பிரிவு 3, ஒரு தனிநபர் தன் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகத் தரவைக் கையாண்டால் இந்தச் சட்டமே பொருந்தாது என்கிறது. அண்ணன் வெளியே. பிரிவு 7, வேலைவாய்ப்பு சார்ந்த தேவைகளுக்கு ஊழியரின் சம்மதம் இல்லாமலே தரவைக் கையாள முதலாளிக்கு வழி விடுகிறது. ஒப்பந்ததாரரும் வெளியே. கூகுள் திறந்து வைத்த அதே இரண்டு கதவுகள்! அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் சொன்ன தீர்ப்பு, வீட்டு வாசலிலும் மஸ்டர் போடும் இடத்திலும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நிற்கிறது.

எதிர்ப்பு பலிக்காது என்பதும் இல்லை. ‘சஞ்சார் சாத்தி’ செயலியை எல்லாப் புதிய போன்களிலும் ஏற்றியே விற்க வேண்டும் என்று ஒன்றிய அரசு 2025 நவம்பர் 28 அன்று உத்தரவிட்டது. நாடே கொதித்தது. டிசம்பர் 3-ல் உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை. நடுத்தர வர்க்கத்தின் போனில் கை வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது சான்று. அந்த வாரம் தொலைக்காட்சியில் அந்தரங்கம் பேசியவர்களில் ஒருவராவது துப்புரவுப் பணியாளரின் வருகைச் செயலியைப் பற்றிப் பேசுவாரா என்று காத்திருந்தோம்.

சரி, கடைக்காரர்களையே இன்னும் கடுமையாக இருக்கச் சொல்லலாமா? தோழர்கள் சிலர் அப்படிக் கேட்கிறார்கள். கடையின் அறம் எங்கே விழிக்கிறது என்று பாருங்கள். 2024 மார்ச் 1 அன்று பாரத் மேட்ரிமோனி, ஷாதி உள்ளிட்ட இந்திய நிறுவனங்களின் செயலிகளைக் கூகுள் தூக்கி எறிந்தது. சாதிவாரியாக வரன் பிரித்துக் காட்டுகிறார்கள் என்பதற்காக என்று நினைத்து ஒரு நிமிடம் மகிழ்ந்திருப்பீர்கள். இல்லை, கமிஷன் கட்டவில்லை என்பதற்காக. ஒன்றிய அமைச்சர் தலையிட்டார், சில நாட்களில் எல்லாம் திரும்பி வந்தன. சாதி வடிகட்டிக்கு அந்தக் கடையில் எந்தக் காலத்திலும் தடை இருந்ததில்லை.

இன்னொரு பக்கத்தில், கடையின் பூட்டையே உடைத்துவிட்டால் விடுதலை என்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏகபோகம் ஒழியட்டும், எங்களுக்கும் சம்மதமே. ஆனால் ஒளிந்திருந்து வேவு பார்க்கும் மிக மோசமான செயலிகள், கடைக்கு வெளியிலிருந்து கோப்பாக இறக்கி ஏற்றப்படுபவைதான். அண்ணனுக்கு எந்தக் கதவும் ஒரு கதவுதான்.

‘ஒளிந்திருக்கிறதா?’ என்று கடை கேட்கிறது. ‘வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியுமா?’ என்று நாங்கள் கேட்கிறோம். மனைவி விஷயத்தில் இந்தக் கேள்வியைக் கூகுளே கேட்டிருக்கிறது. சம்மதம் இருந்தாலும் கூடாது என்று எழுதியிருக்கிறது. பதினெட்டு வயது முடிந்த மகளுக்கும், ஒருநாள் கூலி போனால் அடுப்பு எரியாத ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அதையே எழுதுவதில் என்ன சிக்கல்? பெற்றோர் கண்காணிப்பு பதினெட்டாவது பிறந்தநாளில் தானாக அறுந்து விழ வேண்டும். வேலைக்கான செயலி முதலாளி வாங்கிக் கொடுத்த கருவியில், வேலை நேரத்தில் மட்டும் ஓட வேண்டும். தொழிலாளியின் சொந்தப் போனிலோ அவர் பிள்ளையின் போனிலோ ஏற்றச் சொல்வது குற்றமாக வேண்டும். ஆணவக் குற்றங்களுக்கு எதிராகச் சட்டம் பரிந்துரைக்க நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் என்று 2025 அக்டோபரில் தமிழக அரசு அறிவித்தது. அந்தச் சட்டத்தில் கொலையும் கடத்தலும் மிரட்டலும் இருந்தால் போதாது. வயது வந்த பெண்ணின் போனைப் பறிப்பதும், அதை வேவு பார்ப்பதும் பெயர் சொல்லி எழுதப்பட வேண்டும். கொலைக்கு முந்தைய வேலை அங்கேதான் நடக்கிறது.

அந்தப் பெண்ணிடம் செயலியை அழிக்க வேண்டாம் என்றோம். அழித்த நிமிடமே அண்ணனுக்குத் தெரியும், அடுத்த பேருந்தில் கிளம்பி வருவார். சிறப்புத் திருமணச் சட்டத்தில் முப்பது நாள் நோட்டீஸ் இருப்பதையும், அலுவலகத்துச் சுவரும் ஒரு திரைதான் என்பதையும் சொன்னோம். வேறொரு பழைய பட்டன் போனைத் தோழி வழியாகச் சேர்க்க ஏற்பாடு செய்தோம். அதுவரைக்கும் இரண்டு எண்களை மனப்பாடம் செய்யச் சொன்னோம். டீ ஆறும்வரை திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். இரண்டாவது எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் மட்டும் மாறிக்கொண்டே இருந்தன. ஆறே காலுக்குள் போனுக்குப் பக்கத்தில் போய்ச் சேர வேண்டும் என்று எழுந்துவிட்டார். அண்ணன் அழைக்கும் நேரமாம்.