சீட்டுக்கு ஏழு ரிவெட்

சென்னையில் "ரிவிட் அடிச்சுட்டான்" என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு மாதமாக ரிவெட்டே எனக்கு ரிவிட் அடித்த கதைதான் இது. கதையோடு விடப்போவதில்லை, கடைசியில் கொஞ்சம் கருத்தும் சொல்வேன். பொறுத்துக்கொள்ளவும் :-)

நாமக்கல்லில் இருக்கும் எங்கள் அப்புச்சியிடம் 1968 மாடல் புல்லட் 350 ஒன்று உண்டு. 1974-இல் இன்னொருவரிடமிருந்து வாங்கியது. மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கி, திருவொற்றியூரில் செய்த வண்டி. அப்புச்சியால் இப்போது ஓட்ட முடியாது. ஆனாலும் தினமும் சாயங்காலம் வாசலில் நிற்கிற வண்டியைத் துடைத்துவிட்டு, கால் மணி நேரம் அதன் மேல் உட்கார்ந்திருப்பார். அவ்வளவுதான் அவர் கேட்பது.

சீட் பழைய ஸ்பிரிங் சீட். பின்னால் இரண்டு சுருள் ஸ்பிரிங், முன்னால் ஒரு போல்ட், மேலே தோல். அந்தத் தோலை இரும்புச் சட்டத்தோடு பிடித்து வைத்திருப்பது ஏழு ரிவெட். பின்னால் ஐந்து, மூக்கில் இரண்டு. பின்னால் மூன்று துருப்பிடித்துப் போய்விட, போன வருடம் ஒரு மெக்கானிக் பாப் ரிவெட் அடித்துக் கொடுத்தார். ஆறே மாதத்தில் தோல் ஓரம் கிழிந்து, ஒரு சாயங்காலம் சீட் ஒரு பக்கமாக விலக, அப்புச்சி விழத் தெரிந்தார். நல்லவேளை, சுவரைப் பிடித்துக்கொண்டார். மறுநாளே மாமா, "வண்டியக் குடுத்தர்லாங்க" என்று ஆரம்பித்துவிட்டார். அதனால் இந்த ரிவெட் எனக்கு வெறும் ரிவெட் இல்லை.

பாப் ரிவெட் ஏன் தோற்றது? நான் மெக்கானிக்கல் மூன்றாம் வருடம். டிசைன் பாடத்தில் ரிவெட் ஜாயின்ட் கணக்கு போட்டிருக்கிறோம். துளையின் நடுவிலிருந்து தகட்டின் ஓரம் வரை, ரிவெட் விட்டத்தைப் போல குறைந்தது ஒன்றரை மடங்கு இடம் வேண்டும், இல்லையென்றால் ஓரம் கிழியும் என்று பரீட்சைக்குப் படித்ததுதான். மெக்கானிக் துருப்பிடித்த ரிவெட்டை எடுக்கச் சோம்பல்பட்டு, ஓரத்தை ஒட்டிப் புதுத் துளை போட்டிருந்தார். அடுத்து, பாப் ரிவெட்டின் தலை சின்னது. தகரத்தைப் பிடிக்கும், தோலைப் பிடிக்காது. ஆள் உட்கார்ந்து எழும் ஒவ்வொரு தடவையும் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டே இருக்கும். மூன்றாவது, அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் ஒட்டி இருந்தால் அரிப்பு வேகமாக வரும். புத்தகத்தில் இருந்த மூன்று விஷயமும் ஒரே சீட்டில்!

சரி, நல்ல ரிவெட் எங்கே கிடைக்கும்? முதலில் புதுப்பேட்டை. அங்கே பழைய வண்டியின் எந்தப் பாகம் கேட்டாலும் எங்கிருந்தாவது எடுத்துக் கொடுப்பார்கள். "முழு சீட் இருக்கு தம்பி, ரிவெட்டை யார் தனியா விப்பாங்க?" என்றார் கடைக்காரர். அவர் சொல்வதும் நியாயம்தான். அடுத்து பெரியமேடு, தோல் கடைகள். அங்கே கிடைத்தது கைப்பை, பெல்ட்டுக்கு அடிக்கிற இரண்டு தொப்பி வைத்த ரிவெட். பளபளவென்று இருந்தது, ஆனால் ஒரு ஆளின் எடையைத் தாங்காது. இப்படி நான்கு சனிக்கிழமை போனது.

பொங்கல் லீவில் ஊருக்குப் போனபோதுதான் புத்தி வந்தது. நாமக்கல் லாரி ஊர். லாரி ஊரில் பிரேக் லைனிங் கடைக்கா பஞ்சம்? பிரேக் ஷூவில் லைனிங்கையும் கிளட்ச் பிளேட்டில் ஃபேசிங்கையும் பிடித்து வைப்பதே ரிவெட்தானே! உள்ளே துளை உள்ள பித்தளை ரிவெட், அகலமான தட்டைத் தலை. எதைத் தேடி ஊரெல்லாம் அலைந்தேனோ அது எங்கள் தெருமுனையிலேயே டப்பா டப்பாவாக இருந்தது. கடை அண்ணன் சிரித்துவிட்டு, "எத்தன எம்.எம்.?" என்றார். அங்கேதான் திரும்பவும் பாடப்புத்தகம். தோல் 3 மி.மீ., உள்ளே வைத்துத் தைத்த ஒட்டுத்தோல் 1.5, இரும்புத் தகடு 1.5, வாஷர் 1. மொத்தம் 7. வாலை மடக்க விட்டத்தில் ஏறத்தாழ 0.6 பங்கு, 4 மி.மீ. ரிவெட்டுக்கு 2.4. ஆக 9.4. பத்து எம்.எம். எடுத்து அரை மி.மீ. அரத்தில் ராவினேன். ஏழு ரிவெட்டுக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

அடித்த முறையையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். பழைய ரிவெட்டைத் தலைப்பக்கமிருந்து மெதுவாக டிரில் செய்து எடுக்க வேண்டும். துளை பெரிதாகிவிடக் கூடாது. தகட்டின் துருவைத் தேய்த்து பிரைமர் அடித்துக் காயவிட வேண்டும். கிழிந்த ஓரத்துக்கு உள்ளே ஒட்டுத்தோல் வைத்துத் தைத்துத் தந்தது பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புத் தைக்கும் அண்ணன். தோலை லேசாக ஈரமாக்கி, மூக்கில் முதலில் அடித்து, பின்பக்கம் நடுவிலிருந்து ஆரம்பித்து இடம் வலம் என்று மாறி மாறி அடிக்க வேண்டும். தலை தோல் பக்கம், பித்தளை வாஷரோடு. வால் இரும்புப் பக்கம். கீழே தாங்க ஒரு தண்டவாளத் துண்டு. உருண்டை முனைப் பஞ்சால் வாலை விரித்துவிட்டு, சுத்தியலால் சின்னச் சின்னத் தட்டாகத் தட்ட வேண்டும். அவசரப்பட்டால் வால் வெடிக்கும். எனக்கு இரண்டு வெடித்தது.

இப்போது கருத்து. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. வாகனங்களும் அதில் உண்டு. நல்ல விஷயம். பாகமும் கையேடும் கிடைக்க வேண்டும் என்று கேட்பது நம் உரிமைதான். ஆனால் உரிமை மட்டும் போதாது, பழுது பார்க்கத் தெரிந்த கையும் வேண்டும். ரிவெட்டுக்குத் தமிழில் தறையாணி என்று அழகான பெயர் இருக்கிறது. அந்த ஜாயின்ட்டின் திறனை நானும் என் வகுப்பு நண்பர்களும் இரண்டு தசமம் வரை கணக்குப் போடுவோம். ஆனால் இந்தப் பொங்கல் வரை நான் ஒரு ரிவெட்டைக் கூட அடித்ததில்லை. லைனிங் கடை அண்ணன் கணக்கே போடாமல் டப்பாவிலிருந்து சரியான அளவை எடுத்துக் காட்டினார். இந்த இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்கார வைக்காத படிப்பு அரைப் படிப்புதான்.

"பஸ் காசுக்குப் புது சீட்டே வாங்கியிருக்கலாமே" என்று ரூம்மேட் கேட்டான். உண்மைதான். எல்லாவற்றையும் பழுது பார்த்தே தீர வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் ஏழு ரிவெட்டுக்காக ஒரு முழு சீட்டைத் தூக்கிப் போடுவதுதான் இயல்பு, அதைச் சரி செய்வதுதான் கிறுக்குத்தனம் என்று நாம் எப்போது முடிவு செய்தோம்? அதுதான் என் கேள்வி.

அப்புச்சி ஏறி உட்கார்ந்து, இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தார். "வெடிச்சது எத்தன கண்ணு?" என்றார். இரண்டு என்றேன். "பரவால்ல, எனக்கு அன்னிக்கி நாலு" என்றார். இந்த சீட்டுக்கு முதல் தடவை ரிவெட் மாற்றியதே அவர்தானாம். அதை முதலிலேயே கேட்டிருந்தால் நான்கு சனிக்கிழமை மிச்சமாகியிருக்கும்.

உங்கள் வீட்டில் என்ன பழுதாகிக் கிடக்கிறது? கடைக்குப் போகும் முன் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.